வெயில் ஊரில் வைட்டமின் டி ஏன் குறைகிறது? திடலில் ஓடும் பிள்ளைகளுக்காக ஒரு விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் ஓட்டக்காரப் பிள்ளைக்கு வைட்டமின் டி போதவில்லை என்று சொன்னால் எளிதில் யாரும் நம்பமாட்டார்கள். வருடம் முழுக்க வெயில். காலையில் காயப்போட்ட துணி மதியத்துக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும். பிள்ளையோ தினமும் திடலில்தான் கிடக்கிறான், முகம் கறுத்துப் போயிருக்கிறது. அவனுக்கு எப்படிக் குறையும்?

குறைகிறது. தென்கிழக்காசியப் பிள்ளைகளின் ஊட்டச்சத்து பற்றி 2013இல் வெளிவந்த ஆய்வில், 12 வயது வரையிலான மலேசியப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வைட்டமின் டி போதிய அளவு இல்லை. நம்மைவிடக் கடும் வெயில் அடிக்கும் கத்தாரிலும் விளையாட்டு வீரர்களைப் பரிசோதித்தபோது பெரும்பாலோருக்குக் குறைவாகவே இருந்தது. ஆக, ஊரில் எவ்வளவு வெயில் என்பது கணக்கே இல்லை. எந்த நேரத்து வெயில், எவ்வளவு தோலில், எவ்வளவு நேரம் பட்டது என்பதுதான் கணக்கு.

நேரத்திலிருந்து தொடங்குவோம். நம் கடிகாரம் சூரியனோடு ஒத்துப்போவதில்லை. 1982 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவும் போர்னியோவில் உள்ள சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தையே பின்பற்றுகிறது. அது 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரிய நேரம். சுங்கை சிப்புட் இருப்பது 101 பாகையில். 19 பாகை வித்தியாசம், பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் 76 நிமிடம். அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அல்ல, ஏறக்குறைய 1.15க்கு. மாதத்தைப் பொறுத்து 1 மணிக்கும் 1.30க்கும் இடையில் அது நகரும்.

தோலில் வைட்டமின் டி உண்டாக யூவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும். சூரியன் சாய்ந்திருக்கும்போது கதிர் ஓசோன் படலத்தைக் குறுக்காக, நீண்ட தூரம் கடந்து வரவேண்டியிருக்கிறது. அந்த வழியிலேயே யூவிபி பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். யூவிஏ என்ற மற்றொரு கதிர் அவ்வளவாகத் தடைபடாது. மாலை வெயிலில் முகம் கறுப்பதில் அதற்கும் பங்கு உண்டு. கறுப்பது வேறு, வைட்டமின் டி சேர்வது வேறு. "பையன் கறுத்துட்டான், வெயில் நல்லா பட்டிருக்கு" என்ற கணிப்பு இங்கேதான் தவறுகிறது.

சோதித்துப் பார்க்க ஒரு மீட்டர் குச்சி போதும். திடலில் நேராக ஊன்றி நிழலை அளந்து பாருங்கள். நிழல் குச்சியைவிடக் குட்டையாக இருந்தால் யூவிபி நன்றாகக் கிடைக்கிறது. நீளமாக இருந்தால் கிடைப்பது சொற்பம். மார்ச் மாதத்தில் காலை 8.30க்கு அந்தக் குச்சியின் நிழல் மூன்று மீட்டரைத் தாண்டும். மாலை 5.30க்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர். நிழல் குச்சியின் அளவுக்குச் சுருங்குவது காலை 10.30 வாக்கில். மறுபடி அதைத் தாண்டி நீள்வது மாலை 4.20 வாக்கில். டிசம்பரில் இந்த இடைவெளி இன்னும் குறுகும், சுமார் 11 மணி முதல் 3.30 வரை.

இப்போது பயிற்சி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறுக்கோட்டப் பயிற்சி காலை 7 மணிக்கு. பந்து விளையாட்டு மாலை 5.30க்கு மேல். நடுவில் 7.30 முதல் 1.30 வரை வகுப்பறை, ஓய்வு நேரத்தில் கூரை போட்ட சிற்றுண்டிச்சாலை, அப்புறம் வேன், டியூஷன். வேன் கண்ணாடி வழியாக வரும் வெயில் சுடும், ஆனால் யூவிபி கண்ணாடியைத் தாண்டி வராது. பூப்பந்து, கராத்தே, மண்டபத்துக்குள் சிலம்பம் என்று போகிற பிள்ளைகளுக்கு அந்த மாலை வெயில்கூட இல்லை. வெப்பத்துக்குப் பயந்து காலையிலும் மாலையிலும் பயிற்சி வைப்பது முற்றிலும் சரியான முடிவு. அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்து வேலைக்கும் இது பொருந்தும். பால்மரம் (ரப்பர்) சீவுகிறவர் விடிகாலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து காட்டுக்குள் போனால், குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், வெயில் ஏறுவதற்குள் வெட்டை முடித்துவிடுவார். கொசுவுக்காக நீளக்கைச் சட்டை, தலையில் துண்டு, மேலே முதிர்ந்த மரங்களின் நிழல். செம்பனையில் குலை வெட்டுகிறவருக்கும் கை கால் முழுக்க மூடித்தான் இருக்கும். வெளியில் உழைக்கிற குடும்பம் என்பதாலேயே வீட்டில் எல்லாருக்கும் வைட்டமின் டி இருக்கும் என்று நினைப்பதற்கு இடமில்லை.

அடுத்தது தோல். மெலனின் நமக்கு நல்ல காவல்காரன், ஆனால் யூவிபியையும் சேர்த்தே தடுக்கிறது. இங்கிலாந்தின் கோடைகால நண்பகலுக்குப் போட்ட கணக்கு ஒன்றில், வெள்ளைத் தோலுக்கு 9 நிமிடம் போதுமென்றால் தென்னாசியப் பழுப்புத் தோலுக்கு 25 நிமிடம் தேவைப்பட்டது. நம் ஊர் வெயில் அதைவிடக் கடுமை என்பதால் அதே 25 நிமிடத்தை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. ஆனால் விகிதம் அப்படியேதான் இருக்கும். ஒரே திடலில் ஓடும் சீனப் பிள்ளைக்குப் போதுமான நேரம் நம் பிள்ளைக்குப் போதாமல் போகலாம். போதாக்குறைக்குப் புகைமூட்ட மாதங்கள் வந்தால் யூவிபி இன்னும் மங்கும்.

செய்யக்கூடியது எளிது. வாரத்தில் மூன்று நாள், 10.30 முதல் 11.30க்குள்ளோ 3 மணி முதல் 4 மணிக்குள்ளோ, 15 முதல் 20 நிமிடம் கையும் முழங்காலுக்குக் கீழும் வெயிலில் படட்டும். முகத்துக்குத் தொப்பி இருக்கட்டும், முகம் சிறிய பரப்பு, அதைச் சுட்டெரிப்பதில் லாபமில்லை. சனிக்கிழமைப் பயிற்சி 8.30க்குத் தொடங்கி 10.45க்கு முடிகிறது என்றால், கடைசிக் கால் மணி நேரத்துத் தசை தளர்த்தும் பயிற்சியை மரத்தடியில் செய்யாமல் திறந்த புல்லில், கையில்லாத பனியனோடு செய்தால் அன்றைய பங்கு அதிலேயே முடிந்துவிடும். பள்ளியில் உடற்கல்விப் பாடத்தை 7.30க்குப் போடாமல் 10.30க்குத் தள்ளுவது இன்னும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் காய்வதில் பயனில்லை. ஓர் அளவுக்கு மேல் போனால் தோல் தான் உண்டாக்கிய வைட்டமின் டியின் முன்பொருளை வேறு பயனற்ற பொருள்களாக மாற்றிவிடும். வெயிலால் வைட்டமின் டி மிகையாகி நஞ்சாவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். 35 பாகை செல்சியஸ் வெப்பம் மூன்று நாள் நீடித்து வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்திருக்கும் காலத்தில் இந்த யோசனையை ஒத்திவையுங்கள். வெப்பத் தாக்கு ஒரே மதியத்தில் ஆளைச் சாய்க்கும், வைட்டமின் டி ஒரு வாரம் காத்திருக்கும். உடலை முழுதாக மூடி உடுத்தும் பிள்ளைகளிடம் உடையைப் பற்றிப் பேச வேண்டாம். அவர்களுக்கு மாத்திரை இருக்கிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் சாப்பாட்டில் கிடைப்பது குறைவு. 19 முதல் 50 வயதுக்காரருக்கும் வளரும் பிள்ளைக்கும் மலேசியப் பரிந்துரை நாளொன்றுக்கு 15 மைக்ரோகிராம், அதாவது 600 யூனிட். ஒரு முட்டையில் இருப்பது 40 யூனிட் அளவுதான், அதுவும் மஞ்சள் கருவில். கொழுப்புள்ள மீன் நல்லது. டின் சார்டின் 100 கிராமில் 190 யூனிட் அளவுக்கு இருக்கும். பால்மாவிலும் சத்துப் பானங்களிலும் சேர்த்திருப்பார்கள், டப்பாவின் முதுகில் உள்ள அட்டவணையைப் படித்தால் தெரியும். செம்பனை எண்ணெயில் வைட்டமின் ஈ உண்டு, சிவப்பு எண்ணெயில் வைட்டமின் ஏ-க்கான மூலப்பொருளும் உண்டு, வைட்டமின் டி கிடையாது. சைவக் குடும்பங்களில் இந்தக் கணக்கு இன்னும் இறங்கும்.

சரி, குறைந்தால் விளையாட்டுக்காரப் பிள்ளைக்கு என்ன ஆகும்? தோலிலோ சாப்பாட்டிலோ வந்த வைட்டமின் டி, கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றமும் அடைந்த பிறகுதான் வேலை செய்யும். முதல் வேலை, குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்சுவது. அது குறைந்தால் இரத்தத்தில் கால்சியத்தைச் சமாளிக்க உடல் எலும்பிலிருந்து எடுக்கும். ஓடும்போது ஒவ்வொரு காலடியிலும் எலும்பில் நுண்ணிய சேதம் உண்டாகி, ஓய்வில் ஆறிக்கொண்டே இருக்கிறது. ஆறுவதற்கான சரக்கு குறைந்தால் சேதம் முந்திக்கொள்ளும். டாக்டர்கள் ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்று சொல்லும் மயிரிழைக் கீறல் அப்படித்தான் விழுகிறது. கடுமையான குறைபாட்டில் தசையும் பாதிக்கப்படும், குறிப்பாகப் பாய்ச்சலுக்கும் வேகத்துக்கும் உதவும் இழைகள். மாடிப்படி ஏறவே தொடை தளரும்.

ஆனால் வைட்டமின் டி குடித்தால் வேகம் கூடும் என்று விற்கிறார்களே, அதை அப்படியே நம்ப வேண்டாம். பிரிட்டனில் 2013இல் ஒரே குழுவினர் நடத்திய இரண்டு சிறிய ஆய்வுகளில், ஒன்றில் தினம் 5,000 யூனிட் எடுத்தவர்களின் பத்து மீட்டர் ஓட்டமும் உயரத் தாவலும் முன்னேறின. இன்னொன்றில் வாரம் 20,000 அல்லது 40,000 யூனிட் எடுத்தும் ஆட்டத்தில் எந்த மாற்றமும் இல்லை. எலும்பு விஷயத்தில் சான்று கொஞ்சம் கனமானது. அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த 5,201 பெண்களை வைத்துச் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வில், அடிப்படைப் பயிற்சிக் காலத்தில் தினம் 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 யூனிட் வைட்டமின் டியும் பெற்றவர்களுக்கு ஸ்ட்ரெஸ் பிராக்சர் 20 விழுக்காடு குறைந்தது. அதேவேளை, நடுவயதைத் தாண்டிய 25,871 அமெரிக்கர்களிடம் தினம் 2,000 யூனிட் வைட்டமின் டியை மட்டும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், 2022இல் வந்த முடிவுப்படி, எலும்பு முறிவு குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எங்களுக்குப் படுவது இதுதான்: பள்ளம் இருக்கிற இடத்தில் மண் போட்டால் பயன் உண்டு, மேட்டில் கொட்டுவதால் பயனில்லை. கூடவே கால்சியமும் வேண்டும். 10 முதல் 18 வயதுக்கு நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் பாலும் தயிரும் கீரையும் இங்கே உண்மையிலேயே கைகொடுக்கும்.

கீறல் விழுந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் திடலிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிள்ளையை உட்கார வைத்து முழங்காலை மடக்கச் சொல்லுங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பைத் தொட்டுக்கொண்டே கணுக்கால்வரை, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒருமுறை கட்டைவிரல் நுனியால் அழுத்துங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, மந்தமாக வலி பரவியிருந்தால், ஓடத் தொடங்கியதும் வலி தணிந்தால், அது பெரும்பாலும் எலும்பு உறையின் எரிச்சல். ஓட்டத் தூரத்தைக் குறைத்து, காலணியை மாற்றினால் அடங்கும். மாறாக, ஒரு நாணயம் அளவு இடத்தில் மட்டும் சுரீரென்று வலித்து, ஓட ஓட ஏறி, ஒற்றைக்காலில் குதித்தால் அதே புள்ளியில் குத்தினால், அன்றோடு ஓட்டத்தை நிறுத்துங்கள். முன்விளிம்பின் நடுப்பகுதியில் அந்தப் புள்ளி இருந்தாலோ, வலி தொடை இடுக்கில் இருந்தாலோ தாமதிக்கவே கூடாது. அந்த இடங்களில் கீறல் முழு முறிவாக மாறக்கூடும்.

இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறுகள்தான் பிள்ளையின் ஒரு வருடத்தைத் தின்றுவிடுகின்றன. சுடுதைலம் போட்டு அழுத்தி உருவுவது முதல் தவறு. கீறல் விழுந்த எலும்பை உருவினால் ஆறாது, எரிச்சல்தான் கூடும். மாவட்டப் போட்டி அடுத்த வாரம் என்று வலிமாத்திரை போட்டு ஓடவிடுவது இரண்டாவது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் நிம்மதி அடைந்து மறுபடி திடலுக்கு அனுப்புவது மூன்றாவது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் கீறல் தெரியாமலே போகலாம், எம்ஆர்ஐயில்தான் தெரியும். சாதாரணமாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் கூடாது. வலியில்லாமல் நடக்க முடிகிற அளவுக்கு நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் மிதிக்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் அந்தப் புள்ளி வலிக்காதபோதுதான் மெதுவாக ஓடத் தொடங்க வேண்டும்.

வைட்டமின் டியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு மற்றதைக் கோட்டைவிடவும் கூடாது. திரும்பத் திரும்பக் கீறல் விழும் பெண்பிள்ளையிடம், ஒரு பெண் ஆசிரியரோ தாயோ மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று கேட்க வேண்டும். மூன்று மாதம் வராமல் இருந்தால், ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு போதவில்லை என்ற எச்சரிக்கையாக அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அந்த நிலையில் எந்த மாத்திரையும் எலும்பைக் காப்பாற்றாது, சோறுதான் காப்பாற்றும். எந்நேரமும் களைப்பு என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்தும் தூக்கமும்.

எல்லாப் பிள்ளைக்கும் இரத்தப் பரிசோதனை தேவையில்லை. கீறல் விழுந்தவர், உடலை மூடி உடுத்துபவர், மண்டபத்துக்குள்ளேயே ஆடுபவர், பருமனானவர், வலிப்புக்கு மருந்து எடுப்பவர் ஆகியோருக்குக் கேட்டுப் பார்க்கலாம். கேட்க வேண்டியது 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, அதாவது கல்லீரலில் உருவாகும் வடிவம். சிறுநீரகத்தில் உருவாகும் இறுதி வடிவத்தை அளந்தால் குறைபாட்டிலும் அது சரியாக இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும்.

தாள் கைக்கு வந்ததும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள். இங்குள்ள பரிசோதனைக்கூடங்கள் பெரும்பாலும் லிட்டருக்கு நானோமோல் என்று எழுதும். தமிழ்நாட்டில் மில்லிலிட்டருக்கு நானோகிராம். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்கு இரண்டரை நானோமோல். ஆகவே "20" என்ற எண் இந்தியத் தாளில் இருந்தால் 50 நானோமோலுக்குச் சமம், எலும்புக்கு அது போதும். அதே "20" நம் ஊர்த் தாளில் இருந்தால் அது தெளிவான குறைபாடு. 30 நானோமோலுக்குக் கீழே குறைபாடு, 30 முதல் 50 வரை போதாமை, 50க்கு மேல் பெரும்பாலோருக்குப் போதும். யூடியூபில் இந்திய டாக்டர் சொன்ன எண்ணை இங்குள்ள தாளோடு ஒப்பிட்டுக் குழம்பியவர்கள் நிறைய.

இந்தக் குழப்பத்தோடு இன்னொன்றும் கப்பலேறி வருகிறது. இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் 60,000 யூனிட் பொட்டலத்தையோ மாத்திரையையோ வாங்கி வந்து உறவுகளுக்குக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அது டாக்டர் சொன்னால், வாரம் ஒன்றாக, சில வாரங்களுக்கு மட்டும் எடுக்கும் மருந்து. அதைச் சத்துமாவுபோல் தினம் ஒன்று கலக்கிக் கொடுத்தால் வாரத்துக்கு 4,20,000 யூனிட். ஒன்பது வயதுக்கு மேற்பட்டவருக்கு டாக்டர் மேற்பார்வை இல்லாமல் தாண்டக்கூடாத எல்லை நாளுக்கு 4,000, அதாவது வாரத்துக்கு 28,000. பதினைந்து மடங்கு! மிகையான வைட்டமின் டி இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், முற்றினால் சிறுநீரகச் சேதம். கொழுப்பில் தங்கிவிடுவதால் நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இறங்காது. ஒரே அடியாகப் பெரிய அளவு கொடுப்பதிலும் நன்மை இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருடம் ஒருமுறை 5,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தபோது விழுவதும் எலும்பு முறிவதும் கூடின. அந்த முடிவு 2010இல் வந்தது.

குறைவு உறுதியானால் பெரும்பாலான பதின்ம வயதினருக்குத் தினம் 1,000 யூனிட் டி3 (தோலில் உண்டாகும் அதே வகை) போதும். எண் மிகவும் இறங்கியிருந்தால் டாக்டர் கூட்டித் தருவார். சாப்பாட்டோடு, அதிலும் எண்ணெயோ முட்டையோ உள்ள வேளையில் எடுத்தால் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் காலைக் காப்பியோடு விழுங்கினால் சேர்வது குறையும். மீன் எண்ணெயும் காட் லிவர் எண்ணெயும் ஒன்றென்று நினைக்காதீர்கள். முதலாவதில் வைட்டமின் டி மிகக் குறைவு. இரண்டாவதில் உண்டு, ஆனால் வைட்டமின் ஏ-யும் நிறைய இருப்பதால் அளவைக் கூட்டக்கூடாது.

வாங்கும்போது பெட்டியில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின், MAL என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா பாருங்கள். சத்து மாத்திரை என்றால் எட்டு இலக்கத்துக்குப் பின் N என்ற எழுத்து வரும், ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கும். மாநில அளவில் ஓடுகிற பிள்ளைக்கு இது இரட்டிப்பு முக்கியம். வைட்டமின் டி ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் இணையத்தில் விற்கும் கலவைப் பொடிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பதில் வீரரைக் காப்பாற்றாது. வைட்டமின் டி தனியாக உள்ள மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கி, பெட்டியைத் தூக்கியெறியாமல் வைத்திருங்கள்.

தினம் 1,000 யூனிட் எடுத்தால் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 25 நானோமோல் ஏறும் என்பது பொதுவான கணக்கு. இரத்தத்தில் இதன் அளவு பாதியாக இறங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் நிலைத்து நிற்கவும் நாளாகும். ஒரு மாதத்திலேயே மறுபரிசோதனைக்கு ஓடினால் பாதி வழியில் இருக்கிற எண்தான் கிடைக்கும், அதைப் பார்த்து அளவைக் கூட்டினால் தவறாகிவிடும். மூன்று மாதம் கழித்து, அதே பரிசோதனைக்கூடத்தில், அதே அலகில் பாருங்கள். எண் 50ஐத் தாண்டி நின்றால் 600 யூனிட்டுக்கு இறக்கிக்கொண்டு, சனிக்கிழமைக் கால் மணி நேர வெயிலைத் தொடரலாம்.